புரட்டாசிக்கு மெழுகிய சுவர்

குட்டியம்மா, இங்கே வந்து உட்கார். உன்னைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

உனக்கு வேறு பெயர் ஒன்று இருந்தது. குலதெய்வம் கோயிலில் மடியில் போட்டு உன் காதில் சொன்ன பெயர். அதைச் சொல்லி உன்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரை ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். யாரோ பெரிய மனுஷியின் பெயர் மாதிரி இருந்தது. நீ அந்தப் பெயர் அளவுக்கு வளரவில்லை. அதனால் அழித்துவிட்டேன்.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதற்குப் பிறகு களை எடுக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் போனபோது எனக்கு இருபது வயது. அவளுக்கு நாலு நிறையவில்லை.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மேலே கரிசல் மண், தோண்டினால் சுண்ணாம்புக் கல். காளவாய்க்காரர்கள் கல்லைத் தோண்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குழியை எங்களுக்கு விட்டுவிடுவார்கள். ஐப்பசி மழையில் அந்தக் குழிகள் நிறையும். சுண்ணாம்புத் தரை என்பதால் தண்ணீர் கலங்காமல் நிற்கும். அடியில் கிடக்கிற கல் கூடத் தெரியும். துணி துவைப்பதும் மாடு குளிப்பாட்டுவதும் அங்கேதான். குழியின் ஓரத்தில் கல்லாய்ப் போன சிப்பிகள் கிடைக்கும். கடல் எங்கேயோ இருக்கிறது, இங்கே எப்படிச் சிப்பி வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. குட்டியம்மா அதைப் பொறுக்கி வந்து குவித்து, ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் வைத்து, "சோறு தின்னும்மா" என்பாள். நான் தின்ற மாதிரி செய்ய வேண்டும். சரியாக மெல்லவில்லை என்றால் கோபம் வந்துவிடும்.

அந்தக் குழித் தண்ணீரைப் போலச் சுத்தமான தண்ணீர் இல்லை என்று நினைத்திருந்தோம். கொசு சாக்கடையில் உண்டாவது, சாக்கடை டவுனில் இருப்பது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் நினைத்திருந்தோம்.

மழை முடிந்தால் குளிர்காய்ச்சல் வரும். வருஷா வருஷம் வருவதுதான். உச்சிவெயிலில் போய்க் கிடந்தாலும் பல் கிடுகிடுவென்று அடிக்கும். பிறகு உடம்பு கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து கூழ் குடிக்கலாம். அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி குளிரும். பெரியவர்கள் விட்ட நாளில் கொல்லைக்குப் போய்க் கடலை பிடுங்கிவிட்டு, வருகிற நாளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். குழந்தைகளால் அப்படி முடியாது. ஒவ்வொரு மழைக்கும் தெருவில் இரண்டு வீட்டிலாவது குழந்தையைப் புதைக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வருஷத்துக் காய்ச்சல் கொஞ்சம் கடுமை என்று பேசிக்கொள்வோம். அதோடு விட்டுவிடுவோம்.

எங்கள் வீட்டில் மாமனார் மாமியார் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும், அவருடைய அண்ணனும், அண்ணன் பெண்சாதியும் ஒரே கூரையில் இருந்தோம். அண்ணன் பெண்சாதி எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

குட்டியம்மாவுக்கு முதல் தடவை குளிர்காய்ச்சல் வந்தபோது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. நிலவேம்புக் கசாயம் கொடுத்தோம், மந்திரித்தோம், கேட்கவில்லை. பஸ் ஏறி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இடது விலாவுக்குக் கீழே வைத்தார்.

"தொட்டுப் பாரும்மா. தெரியுதா?"

வேகாத கிழங்கு மாதிரி கெட்டியாக ஒன்று கையில் தட்டியது.

"கட்டிங்களா சார்?"

"காய்ச்சலால வந்த வீக்கம். இந்தத் தடவ கொழந்த பொழச்சிக்கும். ஆனா ஒடம்புல ரத்தமே இல்ல. அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தா இது தாங்காது. வராம பாத்துக்கணும்."

"மழையில நனைய விட மாட்டேங்க சார்."

"மழையில இல்லம்மா. கொசு கடிச்சித்தான் இது வருது. கொசு கடிக்காம பாத்துக்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "கொசு கடிக்காம எப்படிப் புள்ள பாத்துக்கறது? கொசுகிட்டப் போயி சொல்லவா முடியும்?" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

கொயினா மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தேன். அவள் வெல்லத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் துப்பி, "இது உனக்கும்மா" என்று நீட்டுவாள். பிறகு பொடி செய்து தேனில் குழைத்து நாக்கின் அடியில் தடவினேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் என்னைத் திட்டுகிற திட்டெல்லாம் ஓரகத்தியிடம் கற்றுக்கொண்டதாக இருக்கும். எப்படியோ காய்ச்சல் விட்டது.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அடுத்த மழைக்குள் அந்த வயிற்றுக் கெட்டி கரைய வேண்டும், அடுத்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. குளிப்பாட்டும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்ப்பேன். அவள் கூச்சத்தில் நெளிவாள்.

டவுனில் ஒரு பெரிய வீட்டுக்குப் பருத்தி கொண்டுபோனபோது கட்டிலில் கொசுவலை கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது நமக்கு எட்டாதது. பழைய நூல் புடவை இரண்டைக் கிழித்துத் தைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அதற்குள் அவளைப் படுக்க வைத்தேன். புழுக்கம் தாங்காமல் அவள் காலால் உதைத்து வெளியே வந்துவிடுவாள். பொழுது சாயும்போது நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினேன்.

ஓரகத்தி இருமிக்கொண்டே சொன்னாள்: "ஏ புள்ள, கொசு சாவுதோ இல்லியோ, இன்னும் நாலு நாளு போனா நாம கருவாடாயிருவோம். சந்தையில கொண்டுபோயி வித்துரு."

"ஒங்கள யாருக்கா வாங்குவா?"

"பாத்தியா, வாய."

அந்த ஆவணியில் கொசு மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. காக்கி அரைக்கால் சட்டை போட்ட நாலைந்து பேர், வாளி, பம்பு, குழாய். முதலில் ஆம்பிளைகளையெல்லாம் சாவடிக்குக் கூப்பிட்டுக் கூட்டமாக நிற்க வைத்து என்னவோ சொன்னார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். பொம்பளைகள் சாவடிக்குப் போகிற வழக்கம் இல்லை. பிறகு வீடு வீடாக வந்தார்கள்.

"சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சிருங்கம்மா. மாவு, தண்ணி எல்லாத்தையும் மூடிருங்க."

தெரு முழுக்கப் பானையும் பாயும் உரலும் முறமும். ஊரே காலி செய்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த ஆள் ஒல்லியாக, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டிருந்தார். சாமி மாடம் இருக்கிற சுவரைப் பார்த்து அவர் குழாயைத் திருப்பினதும் ஓரகத்தி குறுக்கே போய் நின்றாள்.

"அந்தப் பக்கம் வேணாம்ப்பா. சாமி இருக்கற எடம்."

"கொசுவுக்கு சாமி எடம், அடுப்படின்னு தெரியாதும்மா."

"கொசுவுக்குத் தெரியாது. பெருமாளுக்குத் தெரியுமில்ல."

அவர் சிரித்துவிட்டு அந்தச் சுவரை விட்டுவிட்டார். மற்ற மூன்று பக்கமும், கூரையின் உட்புறமும் அடித்தார். எனக்கு மனசில் ஒரு சந்தேகம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"கொசுவச் சாவடிக்கணும்னா கொசு மேலதானங்க அடிக்கணும்? சுவத்துல எதுக்கு அடிக்கிறீங்க?"

"நல்லாக் கேட்டீங்க. நம்ம ரத்தத்தக் குடிச்சிட்டு கொசு எங்க போவும்? வயிறு முட்ட தின்னா நம்ம என்னா பண்ணுவோம்? சாஞ்சி ஒக்காருவோம்ல. அதும் வந்து சுவத்துல ஒக்காரும். ஒக்காந்தா கால்ல மருந்து ஒட்டும். அவ்வளவுதான், விழுந்துரும்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"கார்த்திக வரைக்கும் தாங்கும்மா," என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே யாரோ அவரை அவசரப்படுத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகை வரைக்கும் என்றால் மழைக் காலம் முழுக்க. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க மூட்டைப்பூச்சி செத்து விழுந்தது. கரப்பான் மல்லாந்து கிடந்தது. கூட்டிக் கூட்டி அள்ளினோம். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொறியாமல் தூங்கினோம். குட்டியம்மா புடவைக் கூண்டுக்கு வெளியே வந்து காலை விரித்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். நானும் உள்ளே இழுத்துப் போடவில்லை. சுவரில் கஞ்சி வழிந்து காய்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒரு நெடி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு புரட்டாசி பிறந்தது.

எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்தது. கவிச்சி கிடையாது. வீட்டில் மாவிளக்குப் போட்டு, தளிகை படைத்து, கோவிந்தா போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவோம். அதற்கு முன்னால் வீட்டை மேலிருந்து கீழ் வரைக்கும் மெழுகியாக வேண்டும். செம்மண்ணும் சாணியும் குழைத்துச் சுவர் முழுக்கப் பூசி, தரையை மெழுகி, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்தால்தான் பெருமாள் வரத் தகுந்த வீடு. மெழுகாத வீட்டில் படையல் போட்டால் ஊர் சிரிக்கும்.

ஓரகத்தி இடுப்பில் கையை வைத்துச் சுவரைப் பார்த்தாள். "பெருமாள் வர்ற வூடா இது? சுவத்துக்குப் பேதி புடிச்ச மாதிரி இருக்கு."

"மருந்துக்கா அது."

"மருந்துதான். மூட்டப்பூச்சி செத்துப்போச்சில்ல? வேல முடிஞ்சிதுல்ல?"

நான் யோசித்தேன். மருந்து போய்விடாது, செம்மண்ணுக்கு உள்ளேதானே இருக்கப் போகிறது என்று எனக்குப் பட்டது. வைத்தியர் வயிற்றுக்குள் கொடுக்கிற மருந்து வெளியே தெரிகிறதா என்ன? அது உள்ளே இருந்து வேலை செய்யும். அப்படித்தான் நினைத்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் அன்றைக்குச் செம்மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளைகள் கொல்லைக்குப் போயிருந்தார்கள். சுவர் மெழுகுகிற நாளில் ஆம்பிளைகளுக்கு வீட்டில் வேலை இல்லை, இருந்தால் இடைஞ்சல்தான்.

கையால் அள்ளி அப்பி, அரைவட்டமாக இழுத்து இழுத்து மெழுகினோம். குட்டியம்மாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் செம்மண். நான் மெழுகி முடித்த ஈரச் சுவரில் தன் கையை விரித்து அமுக்கிவிட்டு, எடுத்துப் பார்த்து, "கோயிந்தா" என்று கத்தினாள்.

"ஏண்டி, மெழுகுன எடத்துல கைய வச்சிக் கெடுத்துட்டியே," என்றேன்.

"உடு புள்ள," என்றாள் ஓரகத்தி. "பெருமாளுக்கு அட்ரஸ் குடுக்கறா, இந்த வூட்டுல நான் இருக்கேன்னு."

அதைத் திரும்ப மெழுகாமல் விட்டேன். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, பெருமாளு வந்தா இங்கயே படுத்துக்குவாரு போலருக்கு," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் படையல் நன்றாக நடந்தது. குட்டியம்மா கோவிந்தா போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப்போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழிகள் நிறைந்தன. ஒரு நாள் காலையில் சிவப்புச் சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தலை சுவரைத் தொட, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சாய்வாக நின்றது. வயிறு சிவந்திருந்தது. இப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் கூழ் பொங்கி வழிந்தது, போய் இறக்கிவிட்டு வந்தேன். அது அப்படியே இருந்தது. பிறகு பறந்து போனது. மருந்து பட்டிருக்கும், வெளியே போய் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் குட்டியம்மா வெயிலில் போய்ச் சுருண்டு படுத்தாள். தொட்டுப் பார்த்தேன். பல் அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நாங்கள் காத்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வண்டி கட்டினோம். மருதையாற்றில் தண்ணீர் ஓடியதால் பாலம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வழியிலேயே அவளுக்கு வெட்டி வெட்டி இழுத்தது. என் வீட்டுக்காரர் மாட்டை அடித்ததே இல்லை. அன்றைக்கு அடித்தார்.

அதே டாக்டர்தான். பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஊசி போட்டார்கள், தலையில் ஈரத்துணி போட்டார்கள். கொஞ்சம் அடங்கினதும் அவர் எங்களிடம் வந்தார்.

"ஒங்க ஊர்ல மருந்து அடிச்சாங்களே, ஒங்க வூட்டுல அடிக்க விடலியா?"

"அடிச்சாங்க சார். சாமி மாடத்துச் சுவரு ஒண்ணத் தவிர எல்லாப் பக்கமும் அடிச்சாங்க," என்றேன்.

"அப்பறம் சுவத்துல எதாவது பூசுனீங்களா?"

"புரட்டாசிக்கு மெழுகுனங்க சார். எல்லாரும் மெழுகுனாங்க."

அவர் திட்டவில்லை. "மெழுகுனதுல மருந்து செத்துப்போச்சும்மா. மண்ணு மூடிடுச்சு. அடிக்கறப்பவே ஊர்ல சொல்லியிருப்பாங்களே," என்றார்.

எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

குட்டியம்மா ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். என்னைத் தெரிந்தது. "ம்மா, குழியில தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டாள். குழியில் தண்ணீர் நிறைந்தால் சிப்பி பொறுக்க முடியாது, அதனால் கேட்டாள். "இல்லடா, இன்னும் வரல," என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் முற்பகலில் போய்விட்டாள்.

வண்டியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு திரும்பினோம். ஊர் தெரிகிற தூரம் வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"சாவடியில சொன்னாங்க புள்ள. கார்த்திக தீபம் முடியிற வரைக்கும் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது, பூசக் கூடாதுன்னாங்க. நல்லாத்தான் சொன்னாங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு. நான் என்னிக்கி சுவத்துல கை வச்சேன்? அந்தப் பேச்சு எங்களுக்கு இல்லன்னு நெனச்சிட்டோம். அண்ணனும் அப்பிடித்தான். எல்லாருந்தான்."

அவர் மறுபடி வண்டியை ஓட்டினார்.

அதற்கப்புறம் பல நாள் அதையே யோசித்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் தேவலை என்று கூட இருந்தது. சுவர் எங்களுடையது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரை நானும் அக்காவும்தான் தொட்டிருக்கிறோம். அந்தச் சுவரைத் தொடக்கூடாது என்ற சேதியைத் தொடாதவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்களுக்கும் அது தெரியவில்லை, ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார்கள். கேட்டவர்களும் கேட்டுக்கொண்டார்கள். மருந்தும் நல்ல மருந்துதான். நடுவில் ஒரு வாசல்படி தூரம்தான் இருந்தது. அதைத் தாண்டி அந்தப் பேச்சு உள்ளே வரவில்லை.

ஓரகத்தி கொஞ்ச நாள் பேசவே இல்லை. அவள் பேசாத வீட்டை எனக்குத் தாங்க முடியவில்லை. மாசி மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தூளியை எங்கே கட்டுவது என்று அவள் யோசிப்பதைப் பார்த்தேன். குட்டியம்மாவின் கை பதிந்த சுவரின் பக்கம்தான் காற்று வரும். "அங்கயே கட்டுக்கா," என்றேன். கட்டினாள். கட்டிவிட்டு அழுதாள்.

அடுத்த ஆடியிலேயே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஏங்க, மருந்தடிக்கறவங்க எப்ப வர்றாங்கன்னு பெரம்பலூர்ல போயி கேட்டுட்டு வாங்க." ஏன் என்று கேட்காமல் போனார். ஆவணிக் கடைசியில் என்று கேட்டு வந்தார்.

மறுநாள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போனேன். பழைய தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருப்பார்கள் என்று தெரிந்துதான் போனேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. துணியை அடித்துக்கொண்டே சொன்னேன். இந்த வருஷம் புரட்டாசிக்கு மெழுக வேண்டியதை ஆவணியிலேயே மெழுகிவிடுவோம், அது காய்ந்த பிறகு மருந்து அடிக்கட்டும், அதற்குப் பிறகு கார்த்திகை தீபம் வரைக்கும் சுவரைத் தொட வேண்டாம், சனிக்கிழமைக்குத் தரையை மட்டும் மெழுகிக்கொள்வோம் என்றேன்.

தெருக் கோடி வீட்டுக்காரி கேட்டாள்: "பெருமாளுக்குச் செய்யறத முந்தியே செஞ்சா பழசாப் போயிடாதா? அதும் மேல அந்த நாத்தம் புடிச்ச மருந்து வேற."

ஓரகத்தி இடுப்பில் பிள்ளையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். "மாவிளக்குக்கு அரிசிய எப்ப ஊறப் போடற?" என்று கேட்டாள்.

"மொத நாளு."

"படையலன்னிக்கி ஊறப் போட வேண்டியதுதான? பழசாப் போயிடுமே." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "அது மாதிரி சுவரையும் முந்தியே போட்டு வைப்போம். பெருமாளு வந்து கேட்டாருன்னா எங்க வூட்டுக்கு அனுப்பு. நான் சொல்லிக்கிறேன்."

பிறகு அவள் சிரிப்பை விட்டுவிட்டு, "போன வருஷம் நாமதான் மெழுகுனோம். நம்ம கையாலதான்," என்றாள். துவைக்கிற சத்தம் நின்றுபோனது. எத்தனை வீட்டில் குழந்தை போயிருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆவணியில் தெரு முழுக்கச் செம்மண் குழைத்தோம். எங்கள் வீட்டில் எல்லாச் சுவரையும் மெழுகினேன், அந்தக் கை இருந்த இடத்தை மட்டும் சுற்றி விட்டுவிட்டேன்.

அதே ஒல்லி ஆள்தான் வந்தார். ஓரகத்தி அவரைச் சாமி மாடத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போனாள். "இங்கயும் அடிப்பா. பெருமாளயும் கொசு கடிக்கக் கூடாதுல்ல," என்றாள். படத்தை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

அவர் தூளிப் பக்கத்துச் சுவருக்கு வந்தபோது குழாயைத் தாழ்த்திவிட்டார். புதுப் பூச்சுக்கு நடுவில் பழைய பூச்சும், அதில் சின்னக் கையும் தெரிந்தது. போன வருஷம் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து நின்ற குழந்தையை அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ.

"இந்த எடத்த வேணும்னா விட்டுரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

விட்டுவிடுங்கள் என்று நாக்கு வரைக்கும் வந்தது. அந்த மருந்து ஈரத்தில் விரல் ஓரம் கரைந்துபோனால் அவளுடையது என்று எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அவள் துணியெல்லாம் கூட அவளோடு போட்டுவிட்டோம். தூளியில் பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு கிடந்தான். அந்தச் சுவரில்தான் கொசு வந்து உட்காரும்.

"வேணாங்க. அங்கயும் அடிங்க. அங்கதான் நல்லா அடிக்கணும்," என்றேன்.

அடித்தார். சுவர் நனைந்து கறுத்தது. நான் வெளியே போய்ப் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். காய்ந்த பிறகு உள்ளே வந்து பார்த்தேன். கரையவில்லை. ஐந்து விரலிலும் வெள்ளையாக மருந்து படிந்திருந்தது.

அந்த மழையில் காலையில் கூட்டும்போது சுவர் ஓரத்தில் கொசு செத்துக் கிடந்தது. தூளிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை. கோடி வீட்டுக்காரி மனசு கேட்காமல் புரட்டாசியில் மறுபடி மெழுகிவிட்டாள். அவள் பேரனுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, மாத்திரை கொடுத்துப் பிழைத்துக்கொண்டான். பிறகு அவளே வந்து எப்போது மெழுகலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள். அந்தத் தெளிந்த குழித் தண்ணீரில்தான் இந்தக் கொசு உண்டாகிறது என்று பிறகுதான் தெரிந்தது, குழிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. யாரும் மூடவில்லை. கல் தோண்டுவதும் நிற்கவில்லை. எங்களால் முடிந்தது சுவர்தான்.

இதைப் படிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எந்தச் சாமி இருந்தாலும் சரி, பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும்போது என் மகளுக்காக ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவள் இருக்கிற இடத்தில் குளிர் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் எப்படி வேண்டுவது என்று நினைக்க வேண்டாம். குட்டியம்மா என்று சொன்னால் போதும், திரும்பிப் பார்ப்பாள்.